‘ரிஸ்ட்ரிக்ட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருளும் பயன்பாடும்

ஆங்கிலத்தில் ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்னும் வினைச்சொல்லின் பொருள் என்ன, ‘லிமிட்’, ‘கன்ஃபைன்’, ‘கர்ப்’, ‘ரிஸ்ட்ரெயின்’ போன்ற உறவுச் சொற்களிலிருந்து அது எங்கே பிரிகிறது, இவை எல்லாவற்றையும் தமிழில் ‘கட்டுப்படுத்து’ என்று எழுதினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசிப் பகுதிக்கே முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: போதாது. சில வாக்கியங்களில் பொருள் சற்று மங்கும். சிலவற்றில் தலைகீழாகவே மாறிவிடும்.

அப்படித் தலைகீழாக மாறியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு சங்கத்தின் நூலக வாசலில் ஒட்டுவதற்காக எழுதப்பட்ட ஆங்கில அறிவிப்பு, ‘ஆக்சஸ் இஸ் ரிஸ்ட்ரிக்டட் டு மெம்பர்ஸ்’ என்று இருந்தது. அதைத் தமிழாக்கியவர் ‘உறுப்பினர்களுக்கு அனுமதி கட்டுப்படுத்தப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆங்கில வாக்கியம் உறுப்பினர் அல்லாதவர்களை வெளியே நிறுத்துகிறது; தமிழ் வாக்கியமோ உறுப்பினர்களையே வெளியே நிறுத்துகிறது. அவர் கவனக்குறைவாக எழுதவில்லை. அகராதியில் ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்பதற்கு நேரே ‘கட்டுப்படுத்து’ என்று இருந்தது, ‘டு’ என்பதற்கு நான்காம் வேற்றுமை உருபு என்பது பள்ளியிலேயே படித்தது, இரண்டையும் சேர்த்தார். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் வாக்கியம் கெட்டுப்போனது. ‘உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி’ என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

திருத்திய வாக்கியத்தைக் கவனியுங்கள். அதில் ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்னும் வினைக்கு ஈடான வினை எதுவும் இல்லை. அந்த வினை செய்யும் வேலை முழுவதையும் ‘மட்டும்’ என்னும் ஒரே சொல் செய்துவிடுகிறது. ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. ‘மட்டில்லாத மகிழ்ச்சி’ என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் வெளியே தெரிகிறது. ஆகவே ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்பதைத் தமிழில் தேடும்போது ‘கட்டு’ என்னும் வேரை மட்டும் பார்க்காமல் ‘மட்டு’ என்னும் வேரையும் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதற்கு அந்த ஆங்கில வினையின் குணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பு லத்தீனில். ‘ஸ்டிரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுதல், இழுத்துப் பிடித்தல். அதன் முன் ‘ரே’ என்னும் ஒட்டைச் சேர்த்தால் பின்னோக்கி இழுத்துக் கட்டுதல் என்றாகும். அந்த வினையின் முடிந்த வடிவமான ‘ரெஸ்டிரிக்டுஸ்’ என்பதிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்ததுதான் ‘ரிஸ்ட்ரிக்ட்’. இதே லத்தீன் வினை அதற்கு முன்பே பழைய பிரெஞ்சு மொழியின் வழியாகத் தேய்ந்து, ‘ரிஸ்ட்ரெயின்’ என்னும் வேறு வடிவத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்திருந்தது. ஒரே தாய்ச்சொல் இரண்டு வாசல்கள் வழியாக வந்து, இரண்டு பொருள்களாகப் பிரிந்து நிற்கிறது. கண்டிப்பைக் குறிக்கும் ‘ஸ்டிரிக்ட்’, நெருக்கத்தைக் குறிக்கும் ‘கன்ஸ்டிரிக்ட்’, கட்டாயத்தைக் குறிக்கும் ‘கன்ஸ்ட்ரெயின்’, மாவட்டத்தைக் குறிக்கும் ‘டிஸ்டிரிக்ட்’ ஆகியவையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கயிற்றைக் குறிக்கும் ‘ஸ்டிரிங்’ மட்டும் தோற்றத்தில் ஏமாற்றும். அது ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது, இந்தக் குடும்பத்தில் நேரடி உறுப்பினர் அல்ல. நம் ‘கட்டுப்பாடு’ என்பதும் ‘கட்டு’ என்னும் செயலிலிருந்தே பிறந்தது என்பதால், இரு மொழிகளும் ஒரே உருவகத்தைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ‘கட்டுப்படுத்து’ என்பதை அகராதிகள் முதலில் எழுதுவதற்கும் ஒருவேளை இந்த உறவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் உருவகம் ஒன்றாக இருப்பதால் பயன்பாடும் ஒன்றாக இருந்துவிடாது. தமிழில் ‘கட்டுப்படுத்து’ என்பது முதன்மையாக ஒன்றைத் தன் கைக்குள் வைத்து இயக்குவதைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘கன்ட்ரோல்’ என்னும் வேறு சொல் இருக்கிறது. வாகனத்தை ஓட்டுநர் கட்டுப்படுத்துகிறார் என்றால் ‘கன்ட்ரோல்’. அந்த வாகனம் குறிப்பிட்ட ஒரு சாலையில் மட்டுமே போகலாம் என்று ஆணையிட்டால் ‘ரிஸ்ட்ரிக்ட்’. முதலாவதில் ஆளும் கை தெரிகிறது, இரண்டாவதில் சுருங்கிய இடம் தெரிகிறது. ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்னும் வினையைக் கேட்கும் ஆங்கிலேயரின் மனத்தில் முன்பு விரிவாக இருந்த ஒரு பரப்பு, அதைச் சுருக்கிய ஒரு விதி அல்லது ஒரு காரணம், சுருங்கிய பின் எஞ்சிய சிறிய பரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே எழுகின்றன. எஞ்சிய பரப்பில் சுதந்திரம் இன்னும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்பதைத் ‘தடை செய்’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் சாட்சி. தடை செய்வதற்கு ஆங்கிலத்தில் ‘புரொஹிபிட்’ இருக்கிறது. வான்வெளி பற்றிய சர்வதேச விதிகளில் இந்த வேறுபாடு எழுத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ‘புரொஹிபிடட் ஏரியா’ என்றால் அந்த வான்பகுதியில் விமானம் பறக்கவே கூடாது. ‘ரிஸ்ட்ரிக்டட் ஏரியா’ என்றால் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பறக்கலாம். அமெரிக்கத் திரைப்படத் தரப்படுத்தலிலும் இதே நிலைதான். 1968இல் தொடங்கிய அந்த முறையில் ‘ஆர்’ என்னும் எழுத்து ‘ரிஸ்ட்ரிக்டட்’ என்பதன் முதலெழுத்து; 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வந்தால் அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதே இன்று அதன் பொருள். அந்த வயதினர் யாருடன் வந்தாலும் உள்ளே விடக் கூடாது என்பதற்கு 1990இல் தனியாக வேறொரு குறியீடு ஏற்படுத்தப்பட்டது. ‘ரிஸ்ட்ரிக்டட்’ என்பதே தடையைக் குறித்திருந்தால் அந்த இரண்டாவது குறியீட்டுக்குத் தேவையே இருந்திருக்காது. மருத்துவக் குறிப்புகளில் இந்தக் குழப்பம் ஆபத்தாகவும் முடியலாம். நோயாளிக்கு ‘ஃபுளூயிட் ரிஸ்ட்ரிக்‌ஷன்’ என்று எழுதியிருந்தால், ஒரு நாளில் அவர் அருந்தும் நீர்மங்களின் மொத்த அளவு மருத்துவர் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது என்று பொருள். தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று பொருள் அல்ல. இத்தகைய இடத்தில் ‘தடை’ என்றோ ‘கட்டுப்பாடு’ என்றோ எழுதாமல், ‘இந்த அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம்’ என்று முழு வாக்கியமாக எழுதிவிடுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு என்பது என் உறுதியான கருத்து.

இனி இலக்கணத்துக்கு வருவோம். இந்த வினை செயப்படுபொருளை வேண்டுவது. ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, எதை என்று சொல்ல வேண்டும். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். ‘ரி’ மெலிந்தும் ‘ஸ்ட்ரிக்ட்’ ஓங்கியும் ஒலிக்க வேண்டும். செயப்படுபொருள் மட்டும் வரும் வாக்கியங்களில் இது பெரும்பாலும் இயல்பான அசைவையோ ஓட்டத்தையோ குறைப்பதைக் குறிக்கும். இறுக்கமான உடை அசைவை ‘ரிஸ்ட்ரிக்ட்’ செய்கிறது. தூண் ஒன்று பார்வையை ‘ரிஸ்ட்ரிக்ட்’ செய்கிறது. விதி போடும் அதிகாரி இங்கே யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள்களும் இந்த வினைக்கு எழுவாயாகலாம். தமிழில் ‘கையை வீச முடியாதபடி சட்டை இறுக்குகிறது’ என்றும், ‘தூண் மறைக்கிறது’ என்றும் எழுதினால் இயல்பாக இருக்கும். ‘உடை அசைவைக் கட்டுப்படுத்துகிறது’ என்றால் உடைக்கு ஒரு நோக்கம் இருப்பதுபோல் ஒலிக்கும்.

அடுத்தது ‘டு’ சேர்ந்து வரும் அமைப்பு. இந்த வினையின் உயிர்நாடி இதுதான். ஒன்றை ‘ரிஸ்ட்ரிக்ட்’ செய்து, ‘டு’ என்பதற்குப் பின்னால் எஞ்சிய பரப்பைச் சொல்கிறோம். கூட்டத்தில் ஒருவர் தம் பேச்சை நிதிநிலை அறிக்கைக்கு ‘ரிஸ்ட்ரிக்ட்’ செய்தார் என்றால், அவர் நிதிநிலை அறிக்கையைப் பற்றி மட்டுமே பேசினார். இதற்குத் தமிழில் ‘மட்டும்’ ஒரு வழி. ‘ஓடு’ என்னும் உருபுடன் ‘நிறுத்திக்கொள்’ என்பது இன்னொரு வழி. ‘ஹி ரிஸ்ட்ரிக்டட் ஹிம்செல்ஃப் டு டூ கொஸ்சன்ஸ்’ என்னும் வாக்கியத்தை ‘இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டார்’ என்று எழுதும்போது, தன்னைத் தானே அடக்கிக்கொண்ட அந்தக் குறிப்பும் ‘கொள்’ என்னும் துணைவினையால் அப்படியே வந்துவிடுகிறது. ‘தன்னை இரண்டு கேள்விகளுக்குக் கட்டுப்படுத்திக்கொண்டார்’ என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அதைப் படிக்கும் தமிழர் ஆங்கிலத்தை மனத்துக்குள் ஒருமுறை மீட்டெடுத்துத்தான் பொருள் கொள்ள முடியும்.

இந்த ‘டு’ ஒரு முன்னிடைச்சொல் என்பதால் அதற்குப் பின் வினை வரும்போது ‘இங்’ ஈறு சேர்ந்தே வரும். வினையின் அடிவடிவத்தை அங்கே வைப்பது பிழை. எழுதிப் பழகுகிறவர்கள் அடிக்கடி தவறும் இடம் இது.

மேலே சொன்ன நூலக அறிவிப்புக்கு இன்னொரு முறை திரும்ப வேண்டும், ஏனென்றால் ‘டு’ ஆங்கிலத்திலேயே ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. ‘ரிஸ்ட்ரிக்ட் ஆக்சஸ் டு தி ரூம்’ என்றால் அறைக்குள் நுழைவதைக் குறைக்க வேண்டும். ‘ரிஸ்ட்ரிக்ட் ஆக்சஸ் டு தி மேனேஜர்ஸ்’ என்றால் மேலாளர்கள் மட்டும் நுழையலாம். முதல் வாக்கியத்தின் ‘டு’ என்பது ‘ஆக்சஸ்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு உரியது, எங்கே நுழைவது என்பதைச் சொல்கிறது. இரண்டாவதன் ‘டு’ என்பது ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்னும் வினைக்கு உரியது, யாரோடு நிறுத்துவது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியத்தையே முதலாவதைப் போலப் படித்தால், மேலாளர்களை எல்லாரும் எளிதில் சந்திக்க முடியாதபடி செய்யுங்கள் என்றும் பொருள் வரும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் சூழலை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை: ‘அறைக்குள்’, ‘மேலாளர்களுக்கு மட்டும்’, ‘மேலாளர்களைச் சந்திப்பதை’ என்று உருபுகள் மூன்றையும் தெளிவாகப் பிரித்துவிடும். மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டியது, எழுதுவதற்கு முன் அந்த ‘டு’ யாருக்குச் சொந்தம் என்று ஒரு நொடி நின்று கேட்டுக்கொள்வதே.

‘ஃப்ரம்’ சேர்த்து, ஒருவரை ஒன்றைச் செய்வதிலிருந்து ‘ரிஸ்ட்ரிக்ட்’ செய்வது என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது பரவலாகக் காணப்பட்டாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ‘ஃப்ரம்’ வந்தவுடன் பொருள் முழுத் தடையை நோக்கி நகர்ந்துவிடுகிறது. அதற்கு ‘புரொஹிபிட்’, ‘பிரிவென்ட்’ என்னும் சொற்கள் காத்திருக்கின்றன. மேலும் ‘டு’ எஞ்சியதைச் சுட்ட, ‘ஃப்ரம்’ விலக்கப்பட்டதைச் சுட்டுவதால், ஒரே வினை இரண்டு எதிர்த்திசைகளில் இயங்க வேண்டியிருக்கிறது. தெளிவாக எழுத விரும்புகிறவர் ஒரு திசையோடு நிற்பது நல்லது.

உறவுச் சொற்களில் ‘லிமிட்’ மிக நெருக்கமானது. அதன் மூலமான லத்தீன் ‘லிமெஸ்’ என்பது எல்லைக்கோடு, நிலத்தைப் பிரிக்கும் வரப்பு. எனவே ‘லிமிட்’ செய்பவர் ஒரு கோட்டைக் கிழித்து, இதற்கு மேல் இல்லை என்கிறார். ‘ரிஸ்ட்ரிக்ட்’ செய்பவர் ஏற்கெனவே இருந்ததை உள்ளே இழுக்கிறார். தமிழ் ‘வரம்பு’ நிலத்தின் வரப்பையே குறிப்பதால், ‘லிமிட்’ என்பதற்கு ‘வரம்பு கட்டு’ என்பதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியவில்லை. பல வாக்கியங்களில் இரண்டு வினைகளையும் மாற்றிப் போட்டாலும் குறையில்லை. ஆனால் ‘லிமிடட்’ என்பது வெறுமனே குறைவாக இருப்பதையும் குறிக்கும், ‘ரிஸ்ட்ரிக்டட்’ அப்படிக் குறிக்காது. ஒருவரின் அறிவோ அனுபவமோ ‘லிமிடட்’ ஆக இருக்கலாம். அதை ‘ரிஸ்ட்ரிக்டட்’ என்றால் யாரோ அல்லது ஏதோ அதைக் குறுக்கிவிட்டது என்ற குறிப்பு ஏறிவிடும். நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் வரும் ‘லிமிடட்’ என்பதும் வரம்பையே குறிக்கிறது. பங்குதாரரின் கடன் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் அளவைத் தாண்டாது என்பதே அதன் கருத்து, பிரிட்டனில் 1855ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடித்தளமிட்டது. ரயில் பாதைகளில் ‘லிமிட்’ என்பதற்கும் ‘ரிஸ்ட்ரிக்‌ஷன்’ என்பதற்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டைக் காணலாம்: பழுது பார்க்கும் பகுதியில் சிறிது காலத்துக்கு வழக்கமான வேகத்தைக் குறைத்து விதிப்பதை ‘டெம்பரரி ஸ்பீடு ரிஸ்ட்ரிக்‌ஷன்’ என்கிறார்கள். வழக்கத்திலிருந்து உள்ளிழுப்பது என்னும் மூலப்பொருள் அங்கே அப்படியே நிற்கிறது.

‘கன்ஃபைன்’ என்பது சுவர்களை நினைவூட்டும் சொல். நோய் ஒருவரைப் படுக்கையில் ‘கன்ஃபைன்’ செய்கிறது; தீ ஒரே தளத்தோடு ‘கன்ஃபைன்’ ஆகிறது. இங்கே ‘முடக்கு’, ‘அடைத்துவை’, ‘பரவாமல் நின்றது’ என்று சூழலுக்கேற்பத் தமிழாக்கலாம். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரைப் பற்றி இந்தச் சொல்லை எழுதுவதை இப்போது தவிர்க்கிறார்கள்; நாற்காலி அவர்களை அடைத்து வைப்பதில்லை, நடமாட விடுகிறது என்பதால் அந்தத் திருத்தம் நியாயமானது. தமிழிலும் ‘சக்கர நாற்காலியில் முடங்கியவர்’ என்று எழுதுவதை நாம் விட்டுவிட வேண்டும்.

‘கர்ப்’ குதிரையோடு தொடர்புடையது. குதிரையின் கீழ்த்தாடைக்குக் கீழே செல்லும், கடிவாளத்தோடு இணைந்த பட்டைக்கோ சங்கிலிக்கோ அந்தப் பெயர். ஆகவே தானாகத் திமிறி ஓடுவதைத்தான் ‘கர்ப்’ செய்ய முடியும்: விலைவாசி, கோபம், வீண்செலவு, ஆசை. ‘கடிவாளம் போடு’ என்று தமிழிலும் அதே படிமம் இருப்பதால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். இந்த வினைக்குப் பின் ‘டு’ போட்டு எஞ்சிய பரப்பைச் சொல்லும் வழக்கம் இல்லை.

‘ரிஸ்ட்ரெயின்’ என்பதில் உடல் வலிமையோ மன வலிமையோ தெரிய வேண்டும். பாய வரும் நாயைப் பிடித்து நிறுத்துவதும், வரும் அழுகையை அடக்குவதும் அது. ‘கன்ஸ்ட்ரெயின்’ சூழ்நிலையின் நெருக்கடியைச் சொல்கிறது. பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும். அதற்கு இன்னொரு முகமும் உண்டு. ‘ஐ ஆம் கன்ஸ்ட்ரெயின்ட் டு சே’ என்று ஒருவர் எழுதினால், பேச முடியாமல் கட்டுண்டிருக்கிறேன் என்று பொருள் அல்ல, சொல்லியே ஆக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறேன் என்று பொருள். அலுவலகக் கடிதங்களில் இந்தத் தொடரை எதிர்மாறாகப் புரிந்துகொண்டு பதில் எழுதியவர்களை நான் அறிவேன்.

துறைச் சொல்லாக வரும்போது ‘ரிஸ்ட்ரிக்ட்’ ஒவ்வொரு துறையிலும் தன் மூலப்பொருளின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. கணிதத்தில் ஒரு சார்பை அதன் களத்தின், அதாவது அது ஏற்கும் உள்ளீடுகளின், ஒரு பகுதியோடு நிறுத்துவதை இப்படிச் சொல்கிறார்கள். சைன் சார்பு எல்லாக் கோணங்களுக்கும் சேர்த்து எடுத்தால் ஒரே மதிப்பைப் பல முறை தரும். அதை −90 பாகைக்கும் 90 பாகைக்கும் இடையே ‘ரிஸ்ட்ரிக்ட்’ செய்தால் ஒவ்வொரு மதிப்பும் ஒரே முறை வரும், அதனால் தலைகீழ்ச் சார்பை வரையறுக்க முடிகிறது. குறுக்கியதால்தான் அங்கே புதிய ஒன்று கிடைக்கிறது. சி நிரல்மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையில் ‘ரிஸ்ட்ரிக்ட்’ ஒரு சிறப்புச்சொல்லாகவே சேர்க்கப்பட்டது. நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் இந்தச் சுட்டியின் வழியாக நான் மாற்றும் நினைவகப் பகுதியை வேறு வழியில் தொடமாட்டேன் என்று நிரலர், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பிக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது, அந்த வாக்கை நம்பித் தொகுப்பி வேகமான கட்டளைகளை உருவாக்குகிறது. தரவுத்தளங்களில் ஒரு பதிவை நீக்க முயலும்போது அதைச் சார்ந்த வேறு பதிவுகள் இருந்தால் நீக்க விடாமல் மறுப்பதற்கும் இதே சொல்தான்.

உயிரியலில் உள்ள ‘ரிஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்’ பலரைக் குழப்பும். அந்த நொதி டி.என்.ஏ. இழையைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறது. வெட்டுவதற்கும் குறுக்குவதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. ஒரு பாக்டீரியா வகையில் செழித்து வளரும் வைரஸ், வேறொரு வகையில் வளர முடியாமல் குறுகிப் போவதை ஆய்வாளர்கள் முதலில் கண்டார்கள். அந்த நிகழ்வுக்குத்தான் ‘ரிஸ்ட்ரிக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார்கள். பாக்டீரியாவின் நொதி வைரஸின் இழையை வெட்டியதே அதற்குக் காரணம் என்பது பிறகு தெரிந்தது, பெயர் நொதிக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த நொதிகள் பற்றிய ஆய்வுக்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நாதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோர் 1978இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்.

பெயர்ச்சொல் வடிவமான ‘ரிஸ்ட்ரிக்‌ஷன்’ என்பதற்குப் பின் பெரும்பாலும் ‘ஆன்’ வரும். அதை விதிப்பார்கள், தளர்த்துவார்கள், இறுக்குவார்கள், விலக்குவார்கள். கட்டு என்னும் உருவகம் இந்த வினைகளில் இரு மொழிகளிலும் ஒத்தே போகிறது. இங்கே மட்டும் ‘கட்டுப்பாடு’ தயக்கமின்றிப் பொருந்துகிறது.

கடைசியாக ‘ரிஸ்ட்ரிக்டட்’, ‘ரிஸ்ட்ரிக்டிவ்’ என்னும் இரண்டு அடைகள். குறுக்கப்பட்டது முன்னது, குறுக்குவது பின்னது. சட்டம் ‘ரிஸ்ட்ரிக்டிவ்’, அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்பவரின் உரிமை ‘ரிஸ்ட்ரிக்டட்’. ஆங்கில இலக்கணத்தில் ‘ரிஸ்ட்ரிக்டிவ் கிளாஸ்’ என்று ஒன்று உண்டு; ஒரு பெயர் யாரை அல்லது எதைச் சுட்டுகிறது என்பதைக் குறுக்கும் துணைத்தொடர் அது, அதைத் தமிழாக்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ‘தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ பாஸ்டு காட் பிரைசஸ்’ என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், மாணவர்களில் தேறியவர்களுக்கு மட்டும் பரிசு கிடைத்தது. ‘ஹூ பாஸ்டு’ என்பதன் இருபுறமும் காற்புள்ளி இட்டால், மாணவர்கள் எல்லாரும் தேறினார்கள், எல்லாருக்கும் பரிசு கிடைத்தது. தமிழில் ‘தேறிய மாணவர்கள் பரிசு பெற்றார்கள்’ என்னும் பெயரெச்சத் தொடர், தனியாகப் படித்தால் முதல் பொருளையே தரும். காற்புள்ளி இட்டு அதை மாற்ற நமக்கு வழியில்லை. ஆகவே இரண்டாவது பொருள் வேண்டுமென்றால் எச்சத்தை உடைத்து, ‘மாணவர்கள் எல்லாரும் தேறினார்கள், பரிசும் பெற்றார்கள்’ என்று இரண்டு வாக்கியங்களாக எழுதுங்கள்.